அம்மையில் போனதாகச் சொன்ன அக்கா

என் அக்கா செத்துப்போய்விட்டதாக எங்கள் நைனா நான்கு பேர் முன்னால் சொன்ன அந்தப் பகலில், அவள் ஐந்து மைல் தள்ளி, ஓசூர் ரோட்டு ஆஸ்பத்திரியின் தறிக் கொட்டகையில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் மறுபடி சொல்லாமல் விட்டுவிடுவேன். அப்படி விட்டே பழகியவள் நான்.

அப்போது ஜோகுபாளையத்தில் இருந்தோம். நைனா பட்டாளத்து ஆபீசர்கள் சாப்பிடும் மெஸ்ஸில் பரிமாறுகிறவர். வீட்டில்கூட அவர் தட்டு வைத்தால் சத்தம் வராது. அம்மா இரண்டு பங்களாக்களில் துணி துவைத்தாள். அக்கா ஒரு பங்களாவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா. நான் பள்ளிக்கூடம் போனேன். அக்கா நான்கு பாஷையில் திட்டுவாள்: என்னைத் தமிழில், கீரைக்காரியைக் கன்னடத்தில், கறிக்கடை பாயை உருதுவில், நைனாவை இங்கிலீஷில். நைனாவுக்கு அது பெருமை. "என்னா மாதிரி திட்டுது பாரு, தொரசாணி கெட்டா" என்பார்.

சுதந்திரம் வந்து எட்டு வருஷம் இருக்கும், ஒரு மழைக்காலத்தில் அவளுக்குத் தூக்கம் போனது. முதலில் தூக்கம்; பிறகு சோறு; பிறகு சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடம் மாறின. "சோறு வெந்துச்சா" என்று கேட்டால் "உன்ன யாரு கேக்கச் சொன்னாங்க" என்பாள். பங்களாவிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஒருநாள் பழைய மெட்ராஸ் ரோட்டின் நடுவில் நின்று கையைத் தூக்கி லாரிகளை நிறுத்தினாள். "எல்லாம் வீட்டுக்குப் போங்கப்பா. உங்கம்மாங்க காத்துக்கினு கீறாங்க." டிரைவர்கள் சிரித்தார்கள், ஹாரன் அடித்தார்கள். ஒரே ஒருவர், கிழவர், இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி, நாங்கள் ஓடி வரும்வரை அவள் பக்கத்தில் நின்றார். "எங்கம்மா செத்து இருவது வருசம் ஆவுதும்மா" என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவளை அன்று மனுஷியாக நடத்திய ஒரே ஆள்.

எங்கள் பக்கம் சாமிகளுக்குப் பஞ்சமில்லை. மாரியம்மன் கோவில் சூடம், தர்கா கயிறு, சர்ச் எண்ணெய், எல்லாம் அவள் மேல் ஏறின. எதுவும் அவளைத் தூங்கவைக்கவில்லை. கடைசியில் ஒரு ஜட்கா பேசி ஓசூர் ரோட்டுக்குக் கூட்டிப் போனோம். அங்கே இருந்த டாக்டர் கன்னடக்காரர். அம்மாவின் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "ஜ்வர பந்தங்கேனே தாயி. இதூ ஒந்து காயிலே." காய்ச்சல் வருவது போலத்தான் அம்மா, இதுவும் ஒரு நோய். அக்காவை அங்கேயே சேர்த்துவிட்டுத் திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். காய்ச்சல் மாதிரிதானாம். காய்ச்சல் மாதிரிதானாம்.

தெருவுக்குள் வண்டி திரும்பியதும் வாயை மூடிக்கொண்டாள்.

ஏனென்றால், காய்ச்சல் என்றால் எதிர்வீட்டுக்காரி மிளகு ரசம் கொண்டுவருவாள். இதற்கு யார் என்ன கொண்டுவருவார்கள்? "பெரியவ எங்கக்கா, காணமே" என்று குழாயடியில் கேட்டபோது அம்மா, "கோலார்ல எந்தங்கச்சி வூட்டுக்குப் போயிருக்கா. அதுக்கு ஒடம்பு சரியில்ல" என்றாள். சித்தப்பாவுக்கு அங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை. சித்திக்கு ஒரு தும்மல்கூடக் கிடையாது. அக்காவின் நோயைத் தூக்கிச் சித்தி தலையில் வைத்தோம். முதல் பொய் அது, சின்னப் பொய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் நானும் அவளைப் பார்க்கப் போவோம். பஸ்ஸில் ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்தால் கண்டக்டர், "ஹுச்சாஸ்பத்ரே யார்ரீ, இள்கொள்ளி" என்று ராகம் போட்டு இழுப்பார். பைத்தியக்கார ஆஸ்பத்திரி, இறங்கிக்கொள்ளுங்கள். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். அதனால் முன்னாலேயே லால்பாக் பூங்கா கேட்டில் இறங்கி நடப்போம். எங்களைப் போலவே தூக்குச்சட்டியும் துணி மூட்டையுமாகப் பத்துப் பேராவது அங்கே இறங்குவார்கள், பூப் பார்க்க வந்தவர்கள் மாதிரி. பிறகு எல்லோரும் ஒரே திசையில் நடப்போம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். ஒருநாள் எங்களுக்கு முன்னால் போன ஒரு அம்மாள் செருப்பு வார் அறுந்து நின்றுவிட்டார். ஒருவரும் நிற்கவில்லை. நின்றால் பேசவேண்டும், பேசினால் யாரைப் பார்க்க என்று கேட்கவேண்டும். நானும் தாண்டித்தான் போனேன்.

அக்கா மெல்ல மெல்லத் தெளிந்துகொண்டிருந்தாள். சில ஞாயிறுகளில் எங்களைத் தெரியும். சில ஞாயிறுகளில் சுவரைத்தான் தெரியும்.

நயா பைசா வந்த புதிதில் என்னைப் பெண் பார்க்க ஒக்கலிபுரத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை ரயில் ஷெட்டில் ஃபிட்டர். அவருடைய அம்மா, அத்தை, மாமா கூட வந்திருந்தார்கள். அத்தைதான் பேச்சு. வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"பெரிய பொண்ணு ஒண்ணு கீதுன்னாங்களே. அதுக்கு ஆவாம சின்னதுக்கு இன்னா அவசரம்?"

எங்கள் ஜனத்தில் மூத்தவள் வீட்டில் இருக்க இளையவளைக் கொடுத்தால், மூத்தவளிடம் ஏதோ குறை என்று அர்த்தம். குறை என்ன என்று கேட்பது வந்தவர்களின் உரிமை. கோலாரில் இருக்கிறாள் என்றால், வரச்சொல்லுங்கள் பார்ப்போம் என்பார்கள். அம்மா தாம்பாளத்தோடு நின்றுவிட்டாள். நைனா தொண்டையைச் செருமினார்.

"அது இல்லம்மா."

"இல்லன்னா?"

"போயிடுச்சு. கோலார்ல. அம்மை."

யோசித்து வைத்துக்கொண்டு அவர் சொல்லவில்லை. இதை நான் இன்றைக்கும் நம்புகிறேன். மெஸ்ஸில் துரை ஏதாவது கேட்டு, அது இல்லையென்றால், "தீந்துடுச்சு சார்" என்று குனிந்து சொல்வாரே, அதே குரல்.

அத்தை மெல்லுவதை நிறுத்தினாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா எடுத்துக்கினா. அத்தப் பத்திப் பேசக் கூடாது" என்றாள். மாமாவும் செருப்பில்லாத காலை மடக்கி ஒழுங்காக உட்கார்ந்தார். அம்மை கண்டு போனவர்களைப் பற்றி யாரும் தோண்டமாட்டார்கள். எப்போது, எங்கே புதைத்தீர்கள், யார் யார் வந்தார்கள், ஒன்றும் கிடையாது. கேள்விகள் நின்றுவிடும் ஒரே சாவை நைனாவின் நாக்கு எப்படியோ தேடிப் பிடித்திருந்தது. நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். பெண் பார்க்கும் நாளில் பெண் தலை குனிந்திருப்பது எவ்வளவு வசதி.

இரண்டே நாளில் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள்.

"ஒரே கொழாயில தண்ணி புடிக்கிறோம். சாவச் சொல்லக்கூடவா ஒனக்கு வாய் வரல?"

பெண்கள் ஒவ்வொருவராக வந்து அம்மாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவ்வளவு பேர் தோளைத் தொட்டதும் அம்மாவின் உடம்பு குலுங்கியது. இரண்டு வருஷமாக அடக்கிய அழுகை வாய்க்கு வந்துவிட்டது. அவள் வாயைத் திறந்தாள். எதிர்வீட்டுக்காரி சட்டென்று தன் உள்ளங்கையால் பொத்தினாள்.

"அழாதக்கா. ஆத்தா கூட்டிக்கினு போனவளுக்கு அழுதா ஆத்தாவுக்குக் கோவம் வரும். இன்னொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது. வாயக் கட்டு."

அன்பாகத்தான் பொத்தினாள். அம்மா அந்தக் கைக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். உயிரோடிருக்கும் மகளைச் சாகக் கொடுத்தவளால் அதற்காக அழவும் முடியவில்லை. வாசலில் வேப்பிலை கட்டச் சொன்னார்கள், கட்டினோம். கூழ் ஊற்றச் சொன்னார்கள். அம்மாவே கேழ்வரகு கரைத்து, கிளறி, இறக்கி, தெருவுக்கு ஊற்றினாள். நன்றாக இருந்தது என்றார்கள்.

அதன்பிறகு அம்மா ஓசூர் ரோட்டுக்குப் போகக் கூடாது என்று நைனா சொல்லிவிட்டார். யாராவது பார்த்துவிட்டால்? அவர் மட்டும் மெஸ்ஸிலிருந்து அப்படியே போய்வந்தார்.

இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

கல்யாணமாகி இரண்டாம் வருஷம் ஒருநாள் மத்தியானம், என் வீட்டுக்காரர் ஷெட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, நைனா ஒக்கலிபுரம் வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு கார்டை எடுத்தார். அவருக்கு இங்கிலீஷ் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது.

"இன்னா எழுதிக் கீறான் பாரு."

பார்த்தேன். இன்னொரு தரம் பார்த்தேன். "நல்லாயிட்டாளாம் நைனா. நாம போயி கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டிட்டு வரலாமாம்."

நைனா வாசற்படியில் உட்கார்ந்தார். கார்டைத் திரும்பச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "எந்த வூட்டுக்கு?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போனோம். அக்கா மரத்தடியில் மடியில் துணிமூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். சதை போட்டிருந்தது. கண் நிலையாக இருந்தது. புதிதாக வந்த மாத்திரை என்றாள், முழுங்கினால் நாக்கு வறண்டுபோகும், ஆனால் தூக்கம் வருகிறது என்றாள். என் கழுத்தைப் பார்த்தாள்.

"இன்னாடி, தாலி. யாரக் கேட்டுக் கட்டிக்கினே?" பிறகு நைனாவிடம், "ஜட்கா வெளிய நிக்குதா? நான் முன்னாடி உக்காந்துக்குவேன், பின்னாடி ஒக்காந்தா எனக்கு வாந்தி வரும்."

நைனா தரையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். "அக்கா, ஒன்னப் பத்தி ஒண்ணு சொல்லிட்டோம்."

"இன்னா சொன்னீங்க. ஓடிப்போயிட்டேன்னா?"

"அம்மையில போயிட்டேன்னு."

அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கன்னத்தையும் தடவிப் பார்த்தாள். "அம்மை வந்த மூஞ்சியாடி இது. ஒரு தழும்பு கீதா? பொய் சொல்றதுன்னா ஒழுங்கா சொல்லணும்." சிரித்தாள். நானும் சிரித்தேன். கடவுளே, நானும் சிரித்தேன். பிறகு அவள் கேட்டாள்: "அம்மாவுமா சொன்னா?"

"அம்மா ஒண்ணும் சொல்லல."

"அப்ப அம்மாவ அனுப்புங்க. நான் அம்மாகூட வரேன்."

"அடுத்த மாசம்மா" என்றார் நைனா. "ஏற்பாடு பண்ணிட்டு வரேன்."

அடுத்த மாதம் என் வயிற்றில் குழந்தை. இந்த நேரத்திலா என்றார் நைனா. அதற்கடுத்த வருஷம் குழந்தைக்கு மொட்டை, காதுகுத்து. மாமியார் வீட்டில் தெரிந்தால் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ரத்தத்திலேயே இருக்கிறது என்பார்கள், குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள். நைனா சொன்னதெல்லாம் என்னைக் காப்பாற்ற. நான் அதைக் கேட்டுக்கொண்டேன். பிரசவத்துக்குப் பிறகு தூக்கம் வராத நாட்களில் கண்ணாடியில் என் கண்ணையே உற்றுப் பார்ப்பேன், அது வந்துவிட்டதா என்று. யாரிடமும் சொல்லவில்லை. நோய் எங்கள் அக்காவை மூன்று நான்கு வருஷம் வைத்திருந்தது. மிச்ச வருஷங்களெல்லாம் அவளை உள்ளே வைத்திருந்தது நாங்கள்தான்.

அம்மா மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். "நான் போயிக் கூட்டினு வரட்டா?" நைனா, "அடுத்த மாசம்" என்பார்.

ஓர் ஆடி மாதம் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது. நான் போனபோது வீடு முழுக்கப் பெண்கள். என் மாமியாரும் அந்த அத்தையும்கூட வந்திருந்தார்கள். அம்மாவின் கண்ணெல்லாம் மஞ்சள், ஆனால் புத்தி தெளிவாக இருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அவளக் கூட்டினு வாடி. ஒரு தபா பாத்துட்றேன்."

எதிர்வீட்டுக்காரி நெஞ்சில் கை வைத்தாள். "பெரியவதான். செத்தவ வந்து நிக்கிறா பாரு கண்ணு முன்னாடி. இழுக்கிறா."

"போவாதக்கா, அவ கூப்ட்டா போவாத" என்றாள் இன்னொருத்தி. "சின்னவளுக்காவ இரு."

அத்தை விபூதி கொண்டுவரச் சொன்னாள். நைனா வாசலுக்குப் போய்விட்டார். அம்மா யாரையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "வெளக்கு வைக்கறதுக்குள்ள வந்துடலாம். போ. எந்திரு."

வந்துவிடலாம். ஐந்து மைல்தான். இப்போதும் அந்தத் தூரத்தை மனசுக்குள் நடந்து பார்க்கிறேன்; வந்துவிடலாம்.

அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் குனிந்து, அம்மாவின் காதில் இல்லை, எல்லோருக்கும் கேட்கும்படி, "அக்கா இல்லம்மா. அக்கா போயிட்டாம்மா" என்றேன்.

அம்மா என் மணிக்கட்டை விட்டாள். திட்டவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மறுநாள் மத்தியானம் போய்விட்டாள்.

அதற்கப்புறம் எனக்கு எந்த வீட்டிலும் இருப்புக்கொள்ளவில்லை. ஆறு மாதம் போல அப்படியே அலைந்தேன். ஒரு தை மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை, என் வீட்டுக்காரர் ராத்திரி வேலை முடிந்து வந்து களி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

"எங்கக்கா சாவல."

அவர் களியை உருட்டிக் குழம்பில் தோய்த்தார். "தெரியும்."

"எப்பத்துலேந்து?"

"கல்யாணமாயி மூணு மாசம் இருக்கும். ஷெட்ல ஒர்த்தன் சொன்னான். அவன் தங்கச்சியும் அங்கதான் கீறா."

"ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

"நீங்கல்லாம் செத்துட்டான்னு சொன்னீங்க. அப்பறம் நான் எப்படிமே கேக்கறது? நீயா சொல்லுவேன்னு பாத்தேன்." தட்டைத் தள்ளிவிட்டுக் கை கழுவினார். "எந்திரு. பொடவ மாத்து. போயிக் கூட்டினு வரலாம்."

யாருக்குத் தெரியக் கூடாது என்று இத்தனையும் செய்தோமோ அந்த ஆளுக்குத் தெரியும். தெரிந்து, மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்து, ஒரு உயிருள்ள பெண்ணை நடுவில் போட்டு மூடி வைத்திருந்தோம்.

போனோம். குழந்தையை அவர் தூக்கிக்கொண்டார். அக்காவுக்குக் காதோரம் நரைத்திருந்தது. இப்போது வார்டில் புதிதாக வரும் பெண்களுக்குத் தலை சீவி விடுகிறாள், சோறு ஊட்டுகிறாள் என்று அங்கிருந்த நர்ஸம்மா பெருமையாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் முன்னால் போய், "வாங்க அண்ணி. நம்ம வூட்டுக்குப் போலாம்" என்றார்.

அண்ணி என்று யாரைக் கூப்பிடுகிறார் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். அவளைத்தான் என்று புரிந்ததும் முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். முகமெல்லாம் மலர்ந்தது. குழந்தையின் காலைத் தொட்டாள். எங்களைத் தாண்டி கேட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா எங்க? வண்டியிலயே ஒக்காந்துகினாளா? கால்வலி இன்னும் வுடலியா அவளுக்கு?"

"எந்தக் கால்வலி?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்ட உடனே தெரிந்துவிட்டது. நைனா இன்னும் மாதாமாதம் வந்துகொண்டிருந்தார். அம்மாவுக்குக் கால்வலி, அடுத்த மாதம் அழைத்து வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். உயிரோடிருந்தவளை வீட்டில் சாகடித்தவர், இங்கே செத்தவளை உயிரோடு வைத்திருந்தார். அக்கா என் முகத்தைப் படித்தாள். ஒரு காலத்தில் சுவரை மட்டும் படித்த கண்கள்.

"எப்ப?"

"ஆடியில."

அவள் தலையை ஆட்டினாள், ஏதோ சாமான் விலை கேட்டுத் தெரிந்துகொண்டவள் மாதிரி. "என்னக் கேட்டாளா?"

"கேட்டா."

"நீ இன்னா சொன்ன?"

நான் குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் குழந்தையை இடம் மாற்றிப் பிடித்தார். அக்கா கொஞ்சநேரம் காத்திருந்தாள். பிறகு, "இருங்க. துணி எடுத்தாரேன்" என்று உள்ளே போனாள்.

நின்றோம். வெயில் மரத்தைத் தாண்டி இறங்கியது. நான்கு மணிக்கு மணி அடித்தார்கள், வந்தவர்கள் எல்லாம் கலைந்தார்கள். நர்ஸம்மா வெளியே வந்தார்.

"அவ வரலன்னுட்டாம்மா. ஒரு பொண்ணுக்குத் தல சீவிக்கினு கீறா. போயிட்டு வாங்கன்னு சொல்லச் சொன்னா."

என் வீட்டுக்காரர் கேட்டுக்கு வெளியே தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "கொஞ்சம் இருந்து பாக்கலாம்" என்றார். குழந்தை அவர் மடியில் தூங்கிப்போயிற்று. இருட்டும்வரை இருந்து பார்த்தோம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனேன். ஆஸ்பத்திரி நிறுத்தத்திலேயே இறங்கினேன். அவள் வந்து உட்காருவாள், குழந்தை என்ன பேசுகிறது என்பாள், தறியில் என்ன நிறம் ஓடுகிறது என்பாள், பாதி நர்ஸுகளைக் கன்னடத்தில் திட்டிக் காட்டுவாள். வீடு என்ற பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள். அங்கேயேதான் இருந்தாள், கடைசிவரை. எல்லாவற்றையும் கேட்டாள் என்னிடம். அம்மாவுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை மட்டும் அவள் மறுபடி கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை.